சமயபுரத்தாளுக்குச் சொன்ன முடி

பதினைந்து நிமிஷம் பல்லைக் கடித்துக்கொண்டால் மரத்துப்போய்விடும் என்கிறாள் இந்த நர்ஸ், போன தடவையும் இதையேதான் சொன்னாள், அதற்கு முந்தின தடவையும் இதையேதான் சொன்னாள், இவள் தலையில் ஒரு நாள் இதை மாட்டிவிட்டு எதிரில் உட்கார்ந்து நான் சொல்லவேண்டும், பதினைந்து நிமிஷம்தான் சிஸ்டர், மரத்துப்போய்விடும் என்று. தலையை நனைத்து, பிசுபிசுவென்று கண்டிஷனர் தடவி, அதன்மேல் நீல ரப்பர் தொப்பியை இழுத்து மாட்டி, தாடைக்குக் கீழே வார் போட்டு இறுக்கிவிட்டுப் போய்விட்டாள். தொப்பியிலிருந்து ஒரு குழாய், குழாயின் மறுமுனையில் பிரிட்ஜ் மாதிரி உறுமுகிற பெட்டி. மாட்டுக்காவது கழுத்தில்தான் கயிறு, எனக்கு உச்சந்தலையில். பொட்டு வைக்கிற இடத்தில் ஐஸ்கட்டியை வைத்து யாரோ சுத்தியலால் தட்டுகிறார்கள். குளிரில் தலைத்தோலின் ரத்தக்குழாய் சுருங்கிக்கொள்ளும், மருந்து முடியின் வேருக்கு அதிகம் போகாது, எல்லோருக்கும் முடி தப்பிக்காது, உங்களுக்குத் தப்பிக்கலாம் என்று டாக்டர் படம் வரைந்து காட்டினார். தப்பித்தும் இருக்கிறது. இரண்டு தடவை சிவப்பு மருந்து ஏறியும் சீப்போடு கொஞ்சம் வந்ததோடு சரி, பின்னல் இளைத்திருக்கிறது, ஆனால் பின்னல் இருக்கிறது. கூந்தல் உள்ளவள் அள்ளி முடிகிறாள் என்பார்கள். நான் அள்ளி முடிவதற்கு ஐஸ்பெட்டியில் தலையைக் கொடுக்க வேண்டியிருக்கிறது, அதற்கு இன்சூரன்ஸ்காரன் காலைப் பிடிக்க வேண்டியிருக்கிறது, அவன் காலைப் பிடித்தும் போதாமல் எதிரில் உட்கார்ந்திருக்கிற இந்தக் கிழவியின் காலையும் பிடிக்க வேண்டியிருக்கிறது. பிடிக்க மாட்டேன். இவள் காலை மட்டும் பிடிக்க மாட்டேன்.

இந்தக் கிழவி என் மாமியார் தனபாக்கியம். ஒயர்க்கூடையை மடியில் வைத்துக்கொண்டு என் தலையையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். என் வீட்டுக்காரருக்கு லேத் பட்டறையில் இனிமேல் லீவு கிடையாது என்று சொல்லிவிட்டதால் போன தடவையிலிருந்து இவள்தான் துணைக்கு வருகிறாள், துணையாம், வேலியே பயிரை மேய்ந்த கதைதான். ஆரம்பத்தில் இன்சூரன்ஸ் கம்பெனி, இந்தத் தொப்பி அழகு சம்பந்தப்பட்டது, கவர் ஆகாது என்றது. ஒரு பக்கத்து மார்பை எடுத்ததற்குக் கொடுத்தார்கள், அது உயிராம், முடி அழகாம், எங்கே கோடு கிழித்தான் பார், கழுத்துக்கு மேலே. பாலிசி போட்டுக்கொடுத்தது என் வீட்டுக்காரரின் சித்தப்பா. சொந்தக்காரன் ஏஜெண்டு என்றால் அவனிடம்தான் போடவேண்டும், வேறு யாரிடமாவது போட்டால் அடுத்த கல்யாணத்தில் முகத்தைத் திருப்பிக்கொள்வான். "மயிரைக் கட்டி மலையை இழுப்போம் அரசி, வந்தா மலை, போனா மயிரு" என்று சிரித்தார். எதை யாரிடம் சொல்லிச் சிரிக்கிறோம் என்றுகூட அந்த ஆளுக்குத் தெரியவில்லை. ஆனாலும் அலைந்தார், அதையும் சொல்லவேண்டும். டாக்டரிடம் எழுதி வாங்கினார், இந்த அம்மாவின் பிழைப்பே நாலு பேர் முன்னால் நிற்பது, முடி போனால் பிழைப்பு போகும், மனசும் உடையும், ஆகவே இது அவசியம் என்று. கம்பெனி இறங்கி வந்தது. விசாரித்துவிட்டு ஒத்துக்கொள்கிறோம், வீட்டுக்கு ஒரு போன் வரும் என்றது. போன் வந்தது, நான் குளித்துக்கொண்டிருந்தபோது. எடுத்தவள் இவள்.

அவன் என்ன கேட்டானாம், "மருமகளுக்கு முடி போனா ரொம்பக் கஷ்டமாம்மா?" என்று கேட்டானாம். ஆமாம் என்று ஒரு வார்த்தை. நாய்கூடத் தலையை ஆட்டியிருக்கும். இவள் சொன்னாளாம், எனக்கு அவளே ஆசையாசையாக வந்து சொன்னாள், ஈரத்தலையோடு நான் நின்றுகொண்டிருந்தேன், "முடி போனா என்னங்க சார், அது சமயபுரத்தாளுக்குச் சொன்ன முடி, உசுரக் குடு ஆத்தா, முடிய எடுத்துக்கன்னு நேந்திருக்கேன், மொட்ட போட்டுருவோம் சார்னு சொன்னேன், நல்ல புள்ள, பொறுமையாக் கேட்டுச்சு." சாப்பிட்டாயா என்றுகூட அவனைக் கேட்டிருக்கிறாள். நல்ல பிள்ளை சாப்பிட்டுவிட்டு எழுதிவிட்டான், நோயாளி சொந்த விருப்பத்தின் பேரில் தலைமுடியை மழித்துக்கொள்ள இருப்பதாகக் குடும்பத்தார் தெரிவிப்பதால் முடியைப் பாதுகாக்கும் சிகிச்சை தேவையற்றது. சொந்த விருப்பம். என் தலை, இவள் விருப்பம், அவன் காகிதம். கட்டி என்று மட்டும் தெரிந்தபோது இவள் பூமுடிதான் வேண்டியிருந்தாள், நுனியில் மூன்று விரல் அளவு வெட்டிக் கொடுத்தால் போதும், தாலி உள்ள கட்டுக்கழுத்திக்கு அதுதான் வழக்கம். பரிசோதனை முடிவு வந்ததும் முழு மொட்டையாக ஏற்றிவிட்டாள், ஏலத்தில் ஏற்றுகிற மாதிரி. ஏலம் எடுக்கிறவள் தன் பொருளை வைத்தல்லவா எடுக்கவேண்டும்? அவளுக்கும்தான் இருக்கிறது, பாக்கு அளவு கொண்டை.

மரத்துப்போகிறது. நர்ஸ் சொன்னது சரிதான், அதற்காக அவளை மன்னிக்கப்போவதில்லை. முதல் பாட்டிலை மாட்டிவிட்டாள், இது வாந்திக்கு, அடுத்தது சிவப்பு. இந்தச் சிவப்பு எங்கள் கடையில் இருக்கிறது, அரக்கு என்று சொல்வோம், அரக்குச் சிவப்பில் மாம்பழ ஜரிகை. முகூர்த்தப் பட்டுப் பிரிவில் நான்தான் நிற்கிறேன். புடவையை மேஜையில் விரித்துக் காட்டினால் யார் வாங்குவார்கள், தோளில் போட்டுக் காட்டவேண்டும், பின்னலை முன்னால் எடுத்துவிட்டால் கறுப்புக்குப் பக்கத்தில் ஜரிகை எரியும், கல்யாணப்பெண்ணின் அம்மா "இதயே எடுத்துருவோம்" என்பாள். எங்கள் முதலாளி சொல்வார், கல்யாணப் பட்டு எடுக்க வருகிறவர்கள் முதலில் பார்ப்பது புடவையை இல்லை, எடுத்துப் போடுகிறவளை என்று. என்னோடு நின்ற செல்வராணிக்கு உதட்டோரம் வெள்ளை விழுந்ததும் மாடிக்கு, ஸ்டாக் ரூமுக்கு அனுப்பினார்கள். வேலையைவிட்டு எடுக்கவில்லையே, மாற்றித்தானே விட்டோம் என்றார்கள். ஜன்னல் இல்லாத அறையில் டேப்பும் கத்தரிக்கோலுமாக விலை அட்டை ஒட்டிக்கொண்டிருக்கிறாள். சாப்பிட இறங்கி வரும்போது எல்லோரும் உச்சுக்கொட்டுவார்கள். அந்தச் சத்தம், நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி இழுக்கிற அந்த ச்சு, அது என் தலைக்குப் பின்னால் கேட்கக்கூடாது. எனக்கு வேண்டியது அவ்வளவுதான். கடையில் சாதாரணக் கட்டி, எடுத்தாயிற்று என்றுதான் சொல்லிவைத்திருக்கிறேன். என் வீட்டுக்காரர் யோசனை சொல்கிறார், யாராவது கேட்டால் சமயபுரத்து வேண்டுதல் என்று சொல்லிக்கொள், சாமி மொட்டை என்றால் யார் என்ன சொல்வார்கள் என்று. வேண்டுதல் மொட்டையில் அடுத்த மாசமே முள்ளுமுள்ளாக முளைக்கும். வேண்டுதல் மொட்டைக்குப் புருவம் கொட்டாது. பட்டுக்கடையில் இருப்பவர்கள் என்ன குருடர்களா, இழை பிசகினால் கண்டுபிடிக்கிறவர்கள்.

இன்றைக்குத் தொப்பி என் தலையில் இருப்பதற்குக் காரணம் என் வளையல், இனிமேல் விற்பதற்கு வளையல் இல்லை. சித்தப்பா கடைசியாக ஒரு வழி பண்ணியிருக்கிறார். அதே ஆள் இன்று திரும்பக் கூப்பிடுவான், பதிவாகிற போன், அன்றைக்குப் பேசிய அம்மாவே பேசவேண்டும், அப்படி வேண்டுதல் எதுவும் இல்லை, தெரியாமல் சொல்லிவிட்டேன் என்று ஒரே ஒரு வாக்கியம், அவ்வளவுதான், அடுத்த தடவையிலிருந்து தொப்பி கவர் ஆகும். ஆட்டோவில் வரும்போது இவளிடம் சொன்னேன். ஜங்ஷன் மேம்பாலம் முழுக்கக் கூடையின் பிடியைத் திருகிக்கொண்டே வந்தாள். இறங்கும்போது சொன்னாள், "இல்லன்னு என் வாயால எப்படித் தாயி சொல்லுவேன்? நமக்காகப் பட்டினி கெடக்கிறவ அவ. மாசியில ஆரம்பிச்சா இருபத்தெட்டு நாள் இளநியும் பானகமுந்தான், ஊரு நல்லா இருக்கணும்னு சாமியே வயித்தக் கட்டிக்கிட்டு ஒக்காந்திருக்கா. அவகிட்டக் குடுத்த வாக்க இல்லங்கிறதா? அப்பறம் அவ உன்ன..." நிறுத்திக்கொண்டாள். அவ உன்ன என்ன? கைவிட்டுவிடுவாள், அதுதானே. சொல்லவேண்டியதுதானே. என் மாரியாத்தா இன்சூரன்ஸ் கம்பெனியா, ஒரு போன்காலுக்கு ரத்துப் பண்ண? நான் கத்தினேன், ஆஸ்பத்திரி வாசலில், வாட்ச்மேன் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு, "உங்களுக்கு நான் பொழைக்கிறது முக்கியமில்ல அத்த, வேண்டுதல் பலிச்சுச்சுன்னு நாலு பேருகிட்டச் சொல்லணும், அதுதான் முக்கியம், நான் செத்தாலும் மொட்டையடிச்சுத்தான் பாடையில வப்பீங்க" என்று. கிழவியின் வாய் திறந்தபடியே நின்றது. அப்புறம் கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு எனக்கு முன்னால் உள்ளே நடந்தாள். நல்லது. வலிக்கட்டும் என்றுதான் சொன்னேன். உறைக்கட்டும்.

சிவப்பு ஏறுகிறது. கை வழியாக மேலே போகிறது. நர்ஸ் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொள்கிறாள், வெளியே கசிந்தால் சதை வெந்துவிடுமாம், வெளியே பட்டால் வெந்துவிடுகிற ஒன்றை உள்ளே விடுகிறார்கள், நானும் கையை நீட்டிக்கொண்டிருக்கிறேன். வாயில் இரும்பு ருசி. மூன்றாவது நாற்காலி காலியாக இருக்கிறது. அதில் துறையூர்க்காரி உட்காருவாள், பெயர் கேட்கவில்லை, துறையூர்க்காரி என்று எனக்குள் வைத்துக்கொண்டேன். இரண்டு தடவையும் அவள் இருந்தாள், வழவழவென்று மொட்டைத் தலை, முக்காடுகூடக் கிடையாது, கடலைமிட்டாய் தின்றுகொண்டு என் தொப்பியைப் பார்த்துச் சிரித்தாள். "எதுக்குங்க இந்த அவஸ்தை? கொட்டறதுக்கு முந்தி நானே வழிச்சுக்கிட்டேன்." சாமிக்கா என்று என் மாமியார் ஆர்வமாகக் கேட்டாள். "சாமிக்கா? சாமி எனக்கு என்ன கிழிச்சுச்சு, அதுக்கு நான் முடி குடுக்க? யாருக்கும் நேரல, ஒண்ணுக்கும் நேரல." என் மாமியார் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். எனக்குச் சிரிப்பு வந்தது, அவளைப் பிடித்தது, அவள் தலையைப் பிடிக்கவில்லை. இன்று அந்த நாற்காலியின்மேல் பஞ்சுப்பெட்டியும் நாலைந்து பாட்டிலும் வைத்திருக்கிறார்கள். ஆள் வருகிற நாற்காலியில் சாமான் வைப்பார்களா? "சிஸ்டர், துறையூர்க்காரம்மா வரலயா?" என்று கேட்டேன். "அவங்க வரமாட்டாங்கம்மா" என்றாள். வைத்தியம் முடிஞ்சிருச்சா என்று கேட்டேன். அவள் சொட்டுகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். முடிந்திருக்கும். முடிந்துதான் இருக்கும், ஆறோ எட்டோ கணக்கு முடிந்திருக்கும், வீட்டில் உட்கார்ந்து கடலைமிட்டாய் தின்றுகொண்டிருப்பாள். அப்படியென்றால் முடிஞ்சிருச்சு என்று சொல்வதற்கு என்ன? ஏன் என் முகத்தைப் பார்க்காமல் பாட்டிலைப் பார்க்கிறாள்? யாருக்கும் நேரவில்லை என்றாள். அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம், ஒரு சம்பந்தமும் இல்லை, நேர்ந்துகொண்டவர்கள் எல்லாம் பிழைத்தார்களா, எங்கள் தெருவிலேயே தீச்சட்டி எடுத்தவன் மஞ்சள்காமாலையில் போனான். சம்பந்தம் இல்லை. ஆனால் ஒன்றுக்கும் நேரவில்லை என்றாள். இந்த நினைப்பை யார் என் மண்டைக்குள் போட்டது, இந்தக் கிழவிதான், தலை வெளியே மரத்துப்போயிருக்கிறது, உள்ளே மரக்கமாட்டேன் என்கிறது. அன்றைக்கு டாக்டர் ரிப்போர்ட்டைப் பிரித்தபோது அவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. காகிதத்தைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், என் வீட்டுக்காரரைப் பார்த்தார். என்னைக் கடைசியாகத்தான் பார்த்தார். அக்குளிலும் இருக்கிறது என்றார். நாற்காலியில் பஞ்சுப்பெட்டி.

கிழவி எழுந்து வருகிறாள். கூடைக்குள் கையை விட்டு எதையோ எடுக்கிறாள். மஞ்சள் துணி முடிச்சு, அதில் ஒற்றைக் காசு, வேண்டிக்கொண்ட அன்று சாமி மாடத்தில் முடிந்துவைத்தது, ஆஸ்பத்திரிக்கு வரும்போதெல்லாம் இவள் இதைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறாள் என்பது எனக்கு இப்போதுதான் தெரிகிறது. மருந்து ஏறாத என் கையைப் பிரித்து முடிச்சை உள்ளங்கையில் வைத்து மூடுகிறாள். "இத நீ வச்சுக்க. அந்தப் புள்ள போன் பண்ணட்டும், சொல்லிடறேன். பொய் சொல்றப்ப இது என் கையில இருக்கக்கூடாது." சொல்கிறாளாம். சொல்லப்போகிறாள். நான் ஜெயித்துவிட்டேன். "பாவம் என்னோட போவட்டும்" என்கிறாள், "உனக்கு ஒண்ணும் வராது, நான் அவகிட்டத் தனியாப் பேசிக்கிறேன்." எப்படிப் பேசுவாள்? பக்கத்து வீட்டுக்காரியிடம் பேசுகிற மாதிரியா? ரேஷன் கடையில் பேசுகிற மாதிரியா? உள்ளங்கையைச் சேலையில் துடைக்கிறாள், மறுபடியும் துடைக்கிறாள். அடிக்கிற வெயிலில் சமயபுரத்துக்கு மாலைபோட்டு அசராமல் நடந்து போவாளே, அவளுக்கு இங்கே வேர்க்கிறது. எனக்காகவா? இல்லை, பயம், சாமிக்குப் பயம், எனக்கு ஏதாவது வந்துவிடுமோ என்று பயமில்லை, தனக்கு... இல்லை, பாவம் என்னோட போவட்டும் என்றாள். நான் இவளை என்ன சொன்னேன் வாசலில்? பாடை என்று சொன்னேன். சொன்னால் என்ன. முடிச்சு ஈரமாக இருக்கிறது, இவள் கை வேர்வை. மஞ்சள் வாடை.

போன் அடிக்கிறது. ஸ்பீக்கரில் போடுகிறேன், ஒரு கையில் ஊசி, ஒரு கையில் முடிச்சு, சுண்டுவிரலால் தள்ளிப் போடுகிறேன். இந்த அழைப்பு பதிவு செய்யப்படுகிறது என்கிறது ஒரு குரல், அப்புறம் அந்த நல்ல பிள்ளை. "வணக்கம் மேடம், மங்கையர்க்கரசி மேடம்தானே? அம்மா பக்கத்துல இருக்காங்களா?" இருக்கிறாள். போனைப் பார்த்துக் குனிகிறாள், போனுக்கே கும்பிடு போடுகிறாள். "சார், நான் தனபாக்கியம் பேசறேன். அன்னிக்கு நான் சொன்னேனே சார், சமயபுரத்துக்கு... அந்த வேண்டுதல்..." நிற்கிறாள். முடிச்சு இருக்கிற என் கையைப் பார்க்கிறாள். அவன், "சொல்லுங்கம்மா, அப்படி ஒரு வேண்டுதல் இருக்கா, இல்லையா? ஒரு வார்த்தைல சொன்னாப் போதும்" என்கிறான். ஒரு வார்த்தை. சொல்லு கிழவி. இல்லை என்று சொல்லு, பட்டுப் பிரிவு, பின்னல், ஜரிகை, ஜன்னல் இல்லாத அறைக்கு நான் போகவேண்டாம், சொல்லு. மூன்றாவது நாற்காலியில் பஞ்சுப்பெட்டி. "இல்..." என்று ஆரம்பிக்கிறாள், உதடு அந்த இடத்துக்குப் போய்விட்டது, "இல்..." "இருக்கு" என்கிறேன். நான்தான். என் குரல்தான். "வேண்டுதல் இருக்கு சார்." அவன், "மேடம், யார் பேசறது? நீங்க அப்படிச் சொன்னா கிளெய்ம் க்ளோஸ் ஆயிடும் மேடம், புரியுதா?" என்கிறான். நல்ல பிள்ளைதான், இரண்டு தடவை கேட்கிறான். "புரியுது. முடி சாமிக்குச் சொன்னது. க்ளோஸ் பண்ணிக்கங்க." வேறு ஏதாவது உதவி தேவையா மேடம் என்று கேட்கிறான் படுபாவி. சுண்டுவிரலால் அணைக்கிறேன்.

"ஏண்டி, நான்தான் சொல்றேன்னேனே" என்கிறாள் கிழவி. அழுகிறாள். ஜெயித்த முகமாக இருந்தால் திட்டியிருப்பேன், அழுதால் என்ன செய்வது? எனக்குச் சாமியில் நம்பிக்கை வந்துவிட்டது என்று இவள் நாளைக்குத் தெரு முழுக்கச் சொல்வாள், அதெல்லாம் ஒரு எழவும் வரவில்லை. பயமாக இருக்கிறது, அவ்வளவுதான். சாகப் பயமாக இருக்கிறது, இத்தனை நாளும் முடி முடி என்று கத்திக்கொண்டிருந்தது அதைச் சொல்லாமல் இருக்கத்தான். அத்தையிடம் இதைச் சொல்லமாட்டேன். "மூக்கச் சிந்துங்க, நர்ஸ் பாக்கறா" என்கிறேன். நர்ஸ் வந்து பாட்டிலைப் பார்க்கிறாள், "முடிஞ்சப்பறமும் ஒன்றரை மணி நேரம் தொப்பி இருக்கணும்மா, வேணாம்னா இப்பவே கழட்டிடட்டுமா?" என்கிறாள், எல்லாவற்றையும் ஒட்டுக்கேட்டிருக்கிறாள். "கை வச்சீங்கன்னாத் தெரியும்" என்கிறேன். வளையலை விற்று வாங்கிய குளிர், கடைசிச் சொட்டுவரை என் தலையில் இருக்கட்டும். கொடுப்பதென்றால் நல்ல முடியாகக் கொடுக்கவேண்டும், கொட்டினதைப் பொறுக்கிக் கொண்டுபோய்க் கொடுக்க நான் என்ன பிச்சைக்காரியா? அடுத்த மருந்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை போகலாம் என்று அத்தையிடம் சொல்லவேண்டும், அப்புறம் சொல்கிறேன். கடையில் என்ன சொல்வது, அதையும் அப்புறம். உள்ளங்கையைத் திறக்கவில்லை, காசின் விளிம்பு குத்துகிறது. இந்தா பார் ஆத்தா, முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், என் மாமியார் மாதிரி நான் இல்லை, குழைய மாட்டேன். முடியை எடுத்துக்கொள். எடுத்துக்கொண்ட பிறகு அது கவர் ஆகாது, இது கவர் ஆகாது என்று நீயும் ஆரம்பித்தாயோ, மொட்டைத் தலையோடு உன் வாசலில் வந்து உட்காருவேன், இந்தக் கிழவியையும் கூட்டிக்கொண்டு வருவேன், நீ எத்தனை நாள் பட்டினி கிடக்கிறாய் என்று பார்க்கிறேன்.